துணி துவைக்கக் கொடுக்காத பெட்வே

கோர்டெஸ் பெட்வே எங்கள் அணியில் சேர்ந்த திங்கட்கிழமையே நான் அவரைச் சந்தேகிக்க ஆரம்பித்துவிட்டேன். சந்தேகப்பட அவர் எந்தக் காரணமும் தரவில்லை. அதுதான் முதல் காரணம்.

கோகோமோ கூடைப்பந்து அணியில் அப்போது நாங்கள் பதினொரு பேர். வெள்ளிக்கிழமை நண்பகல் பன்னிரண்டு மணிக்குள் பத்துப் பேராகக் குறைக்க வேண்டும் என்பது லீக் விதி. நான் பாயின்ட் கார்டு. அதாவது பந்தைத் தட்டிக்கொண்டு போய், யார் எங்கே நிற்க வேண்டும் என்று கையைக் காட்டி, கடைசியில் வேறு எவனையோ கூடை போட வைத்துவிட்டு, தவறினால் மட்டும் திட்டு வாங்குகிற உத்தியோகம். எனக்கு முன்னால் ஒருவன் இருந்தான், லீக்கிலேயே அதிகப் புள்ளி எடுப்பவன், அவனை யாரும் தொட முடியாது. நான் இரண்டாவது. பெட்வே மூன்றாவதாக வந்தார். மூன்று பாயின்ட் கார்டுகளை வைத்துச் சோறு போடும் அணி இந்தியானாவில் இல்லை. இது எண்ணத் தெரிந்தவர்களுக்கு உடனே புரிந்தது. எங்கள் அணியில் எண்ணத் தெரிந்தவர்கள் ஏழு பேர். மற்றவர்களுக்கு அவர்கள் சொல்லிவிட்டார்கள்.

என் பெயர் நோலன் ஹஃப்மேன். வயது இருபத்து மூன்று. என்னை அனுப்பிவிட்டால் எங்கே போவேன் என்பதில் எனக்கு எந்தக் குழப்பமும் இல்லை. என் அக்காவின் கணவர் கூரையோரத்தில் மழைத் தண்ணீருக்குத் தகர வாய்க்கால் மாட்டும் தொழில் செய்கிறார். எனக்காக ஓர் ஏணி வாங்கி வைத்திருக்கிறார். அதில் என் பெயரை எழுதி ஒட்டியும் விட்டதாக அக்கா சொன்னாள். குடும்பத்தில் என்மேல் அவ்வளவு நம்பிக்கை.

பெட்வே ஒரே ஒரு பெட்டியோடு வந்தார். முப்பத்தேழு வயது. கேரி நகரத்துக்காரர். பதினைந்து வருடத்தில் பதின்மூன்று நாடுகள், இருபத்திரண்டு அணிகள். எங்களுடையது இருபத்து மூன்றாவது. உடை மாற்றும் அறையில் எனக்குப் பக்கத்து இடத்தில் உட்கார்ந்து ஷூவைக் கழற்றிக்கொண்டே கேட்டார்.

"எந்த ஊரு தம்பி?"

"பெரு."

"அடடே. நான் அங்க ஆடியிருக்கேன். லீமாவுல நாலு மாசம். சாப்பாடு பிரமாதம்."

"இது வேற பெரு சார். இங்கேர்ந்து இருபது மைல்."

"அங்க சாப்பாடு எப்படி?"

"சுமார்."

அவர் தலையாட்டினார். என் இடத்தைப் பிடிக்க வந்தவர் என் ஊர்ச் சாப்பாட்டை ஏன் விசாரிக்க வேண்டும் என்று அன்று முழுவதும் யோசித்தேன்.

இங்கே வளையத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ஒவ்வோர் ஆட்டக்காரனுக்கும் கெட்டியான நாடாவில் ஒரு வளையம் உண்டு. அதில் அவன் எண் பொறித்த ஒரு பெரிய ஊக்கு. பயிற்சி முடிந்ததும் வியர்வைச் சட்டை, கால்சட்டை, காலுறை எல்லாவற்றையும் அந்த வளையத்தில் கோத்து, அழுக்குத் துணிக் கூடையில் எறிந்துவிட்டுப் போவோம். மெர்ல் வளையத்தோடு இயந்திரத்தில் போட்டுத் துவைத்து, மறுநாள் காலை அவரவர் கொக்கியில் மாட்டி வைத்திருப்பார்.

மெர்ல் எங்கள் உடைப் பொறுப்பாளர். கியர் பெட்டித் தொழிற்சாலையில் முப்பது வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அந்தப் பழக்கத்தில் எதைக் கையில் எடுத்தாலும் ஒரு காகித நாடாவைக் கிழித்து ஒட்டி, அதில் தேதி எழுதுவார். பால் டப்பா, சாவிக் கொத்து, தண்ணீர் பாட்டில், அவருடைய சொந்த மதிய உணவு. அவர் மனைவிமேலும் ஒன்று ஒட்டியிருக்கும் என்பது கூடைக்கு அடியில் நின்று ஆடும் எங்கள் சென்டர் ஓடிஸின் கணிப்பு.

யாரையாவது அனுப்ப முடிவு செய்தால் கோச் ரிட்னர் முதலில் சொல்வது மெர்லிடம்தான். மெர்ல் அந்த ஆளின் வளையத்தை எடுத்து வைத்துக்கொள்வார். ஊக்கைக் கழற்றி அடுத்தவனுக்குப் போட வேண்டுமே. இதில் கெட்ட எண்ணம் எதுவும் கிடையாது. ஆனால் காலையில் வந்து கொக்கி காலியாக இருப்பதைப் பார்த்தவன், கோச்சைப் பார்ப்பதற்கு முன்பே விஷயத்தைத் தெரிந்துகொள்வான். கோச் பொய் சொல்லுவார். ஏஜென்ட் பொய் சொல்லுவான். துவைத்த துணி பொய் சொல்லாது. லீக் முழுக்க இதுதான் மதம்.

திங்கட்கிழமை பயிற்சி முடிந்ததும் பெட்வே தன் பதிமூன்றாம் எண் வளையத்தைக் கூடையில் போடவில்லை. ஒரு பிளாஸ்டிக் பையில் திணித்து, பெட்டிக்குள் வைத்து, வீட்டுக்கு எடுத்துப் போனார்.

"பதிமூணு எங்கப்பா?" என்று மெர்ல் கூடையைக் கிளறினார்.

"நானே துவைச்சுக்கறேன்."

"நீ ஏன் துவைக்கணும்? நான் எதுக்கு இருக்கேன்?"

"பழக்கம்."

மெர்லின் முகம் ஒரு மாதிரியாகிவிட்டது. அடுத்த நாளும் கேட்டார். அன்று காலையிலேயே மறுபடியும் கேட்டார். ஒரு வளையத்துக்காக அவர் இவ்வளவு அலைந்து நான் பார்த்ததில்லை. பெட்வே என்னிடம் குனிந்து, "பாத்தியா, எவ்வளவு அவசரம்னு," என்றார். எனக்கு அந்த அவசரம் பிடித்திருந்தது. மெர்லிடம் ஏதோ சொல்லியிருக்கிறார்கள், அது பதிமூன்றைப் பற்றியது. என் எண் நான்கு.

ஆனால் சந்தோஷம் செவ்வாய் மதியம் வரைதான் தாங்கியது. பெட்வே எனக்குப் பன்றிக்கறி சாண்ட்விச் வாங்கிக்கொண்டு வந்தார். கறித் துண்டு ரொட்டிக்கு வெளியே நான்கு பக்கமும் தொங்கிக்கொண்டிருந்தது, எங்கள் பக்கத்து வழக்கப்படி. நான் ரொட்டியைத் தூக்கி உள்ளே பார்த்தேன். ஊறுகாய் வெள்ளரி மட்டும்தான் இருந்தது.

"ஏன் சார் துணி குடுக்க மாட்டேங்கறீங்க?"

அவர் நிதானமாக மென்று முடித்தார்.

"போலந்துல எனக்கு ஒரு டிரைவர். தினமும் வாசல்ல நின்னு ஹார்ன் அடிப்பான், இறங்கவே மாட்டான். ஒரு நாள் இறங்கி வந்து, குட்மார்னிங் சொல்லி, உங்க பெட்டி எங்கன்னு கேட்டான். நான் பயிற்சிக்குத்தானே கிளம்பினேன், பெட்டி எதுக்கு? அவனே உள்ள போய் எடுத்துட்டு வந்தான்."

"ஓ."

"பின்லாந்துல பல் டாக்டர். க்ளப்புதான் ஏற்பாடு. ரெண்டு பல்லு அடைச்சாச்சு, மீதி ரெண்டுக்கு அடுத்த வாரம் வரச் சொன்னாங்க. போனா உங்க பேரே இல்லைங்கறாங்க. அந்த ரெண்டை உருகுவேயிலதான் அடைச்சேன். லெபனான்ல ஓனரே வீட்டுக்குக் கூப்பிட்டு விருந்து வெச்சாரு. பதினாலு தட்டு. ஒம்பதாவது தட்டுலயே எனக்குப் புரிஞ்சு போச்சு."

"பாவம்."

"சாப்பிட்டு முடிச்சுட்டுத்தான் வந்தேன். தைவான்ல எங்க மூஞ்சி போட்டு பொம்மை வித்தாங்க. ஒரு நாள் என் பொம்மைக்கு மட்டும் ஒண்ணு வாங்கினா ஒண்ணு இலவசம்னு போர்டு. அங்கயும் மூட்டை கட்டிட்டேன். நம்ம நாட்டுலயே, டொபீகாவுலதான் இந்த வளையம். காலைல வந்தேன், கொக்கி காலி. அது ஆச்சு ஒம்பது வருஷம். அன்னிலேர்ந்து எவன் கையிலயும் துணி குடுக்கறதில்ல. குடுத்தாத்தானே திரும்பி வராம போகும்?"

இந்தத் தர்க்கத்தில் ஓட்டை இருக்கிறது என்று எனக்குத் தெரிந்தது. எங்கே என்றுதான் தெரியவில்லை.

"அப்புறம் ஒண்ணு," என்றார். "மதியம் பயிற்சில, குறுக்க ஒருத்தன் தடுப்பா வந்து நின்னான்னா அவனுக்கு முன்னால பூந்து போ. பின்னால சுத்திப் போனா கோச்சுக்குப் பிடிக்காது."

என் இடத்தைப் பறிக்க வந்தவர், நான் பிழைப்பதற்கு வழி சொல்கிறார். நான் என்ன முட்டாளா? மதியம் ஒவ்வொரு முறையும் பின்னால் சுற்றிப் போனேன். நான்காவது முறை கோச் விசிலை ஊதினார்.

"ஹஃப்மேன், பின்னாலயே போறியே, அங்க எதாவது புதைச்சு வெச்சிருக்கியா?"

எல்லோரும் சிரித்தார்கள். பெட்வே சிரிக்கவில்லை. சிரிக்காதது இன்னும் சந்தேகமாக இருந்தது.

புதன்கிழமை கோச் பெட்வேயைத் தன் அறைக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். உள்ளேயிருந்து சிரிப்பு வந்தது. கொஞ்சம் ஓய்ந்தது. மறுபடி வந்தது. இருபது நிமிடம். நானும் ஓடிஸும் வெளியே முட்டிக்கு ஐஸ் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். ஓடிஸ் ஆறடி பத்தங்குலம், ஆறு வருடமாக இந்த லீக்கில் இருக்கிறான், அதனால் எல்லாம் தெரியும்.

"டேய் ஹஃப். கோச் கதவைத் தெறந்து வெச்சுக் கத்தினா நீ டீம்ல இருக்கே. கதவைச் சாத்திட்டு அடுத்தவனோட சிரிச்சா நீ இல்ல."

"அவர் வேற எதுக்காவது சிரிக்கலாம்ல?"

"கோச் ரிட்னரா? அவரு பொண்ணு கல்யாணத்துலயே சிரிக்கல. நான் போட்டோ பாத்திருக்கேன்." ஐஸைக் கொஞ்சம் நகர்த்தி வைத்தான். "நம்ம ஊரு பார்க்ல செத்துப்போன மாட்டைப் பாடம் பண்ணி நிக்க வெச்சிருக்காங்கல்ல, அந்தப் பெருசுக்கு அது பக்கத்துல போய் நிக்க வேண்டிய வயசு. ஆனா பாஸ் குடுக்கறான் பாரு, கண்ணு பின்னந்தலையிலயும் இருக்கு. ஏணி எத்தனை அடி?"

"இருபத்து நாலு."

"நல்ல ஏணி."

வியாழக்கிழமை பள்ளிக்கூட ஆட்டம். வருடத்துக்கு ஒரு முறை காலை பதினோரு மணிக்கு ஆடுவோம். மாவட்டத்துப் பள்ளிகளெல்லாம் பிள்ளைகளைப் பேருந்தில் கொண்டுவந்து இறக்கிவிடும். மூவாயிரம் பேர், எல்லோருக்கும் பத்து வயதுக்குள், கையில் ஆளுக்கொரு ஜூஸ். எந்த அணி எது என்று அவர்களுக்குக் கவலையில்லை, பந்து எங்கே போனாலும் கத்துவார்கள். பியோரியா அணியோடு ஆட்டம். எங்கள் முதல் ஆள் ஆறு ஃபவுல் வாங்கி வெளியே போய்விட்டான். ஆகவே கடைசி நிமிடத்தில் நானும் பெட்வேயும் சேர்ந்து களத்தில் நின்றோம். எண்பத்தெட்டுக்கு எண்பத்தெட்டு. ஒன்பது விநாடி.

பெட்வே பந்தோடு நடுவில் புகுந்தார். மூன்று பேர் அவர்மேல் விழுந்தார்கள். அவர் என்னைப் பார்க்கவே இல்லை, ஆனால் பந்து வலது மூலையில் நின்ற என் கைக்கு வந்தது. என்னைச் சுற்றி யாருமே இல்லை. என் அம்மாகூட அவ்வளவு இடம் விட்டதில்லை.

நான் எறிந்திருக்க வேண்டும். ஆனால் எனக்கு ஓர் எண்ணம் வந்தது: இவர் ஏன் எனக்குக் கொடுக்கிறார்? வெள்ளிக்கிழமைக்கு முதல் நாள், மூவாயிரம் பேர் முன்னால், கோச்சின் கண்ணுக்கு நேரே, நான் தவறவிட வேண்டும் என்றுதானே? அவ்வளவு சுலபமாக மாட்டிக்கொள்ளக் கூடாது என்று, பந்தை அவருக்கே திருப்பி எறிந்தேன். அவர் அதற்குள் திரும்பி, பின்னால் ஓடத் தொடங்கியிருந்தார், பந்து கூடையில் விழுந்துவிட்டது என்பதுபோல. பந்து அவர் முதுகில் பட்டு வெளியே போனது. பியோரியா ஆள் கடைசி விநாடியில் ஒன்றைப் போட்டான். பிள்ளைகள் அதற்கும் அதே அளவு கத்தினார்கள்.

கோச் நேராகத் தன் அறைக்குப் போனார். கதவைத் திறந்தும் கத்தவில்லை.

ஆகவே அன்று என் வளையத்தை நானும் கூடையில் போடவில்லை. பையில் திணித்துக்கொண்டு, மார்க்லேண்ட் சாலையில் காசு போட்டுத் துவைக்கும் கடைக்குப் போனேன். மதியம் இரண்டு மணி. உள்ளே ஒரே ஒரு வாடிக்கையாளர். பெட்வே.

மடியில் ஒரு பழைய காபி டப்பா. அதில் ஊக்குகள். ஒவ்வொன்றிலும் ஓர் எண், அவர் விட்டுவந்த அணிகளில் போட்டிருந்தது. அவர் அவற்றைத் துணிக் கடைக்காரர் பொத்தானைப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தார். என் பையைப் பார்த்ததும் நகர்ந்து இடம் கொடுத்தார்.

"நீயும் ஆரம்பிச்சுட்டியா?"

"சார், ஒண்ணு கேக்கணும். அந்தப் பந்தை ஏன் எனக்குப் போட்டீங்க?"

"அந்த மூலையிலேர்ந்து இந்த வாரம் பயிற்சில பத்துக்கு ஒம்பது போட்டே. எண்ணிட்டிருந்தேன். அதான் திரும்பி ஓடினேன். விழுந்துடும்னு." முதுகைத் தடவிக்கொண்டார். "நீ ஏன் போடல?"

நான் உண்மையைச் சொன்னேன். என்னைத் தவறவிட வைக்கப் பார்க்கிறார் என்று நினைத்ததை, பின்னால் சுற்றிப் போனதை, ரொட்டியைத் தூக்கிப் பார்த்ததைக்கூட. அவர் முகத்தில் ஒன்றும் மாறவில்லை. பிறகு, "ரொட்டியைத் தூக்கினதைப் பாத்தேன்," என்றார்.

"நேத்து கோச் உங்களைக் கூப்பிட்டது என்னை அனுப்பத்தானே?"

"இல்ல. என்னை அனுப்ப."

"சொல்லிட்டாரா?"

"நேரா எவன் சொல்றான்? உதவி கோச்சா இருக்கியான்னு கேட்டாரு."

எங்கள் உதவி கோச் கிறிஸ்துமஸுக்கு முன்பே ஏதோ ஒரு பள்ளிக்கூட வேலைக்குப் போய்விட்டார். அவருடைய நாற்காலியில் அன்றிலிருந்து துண்டுகள்தான் உட்கார்ந்திருந்தன. விரல் விட்டு எண்ணினேன். அவர் உதவி கோச் ஆனால் ஆட்டக்காரர்கள் பத்துப் பேர். நான் பத்தாவது. அவ்வளவுதான் கணக்கு.

"நீங்க என்ன சொன்னீங்க?"

"சிரிச்சேன். நான் சிரிச்சதும் அவரும் சிரிச்சாரு. இருபது நிமிஷம் மாத்தி மாத்தி சிரிச்சோம். எதுக்குன்னு ரெண்டு பேருக்கும் தெரியல. இருபத்திரண்டு எடத்துல என்னை அனுப்பியிருக்காங்க தம்பி, இவ்வளவு அழகா எவனும் அனுப்பினதில்ல. லெபனான்காரன் பிச்சை வாங்கணும். கோச்சுன்னு சொல்லுவாங்க, சட்டையைக் கழட்ட வைப்பாங்க, அடுத்த வாரம் அந்த வேலைக்கு வேற ஆளு வந்துட்டாம்பாங்க. ஆடறேன்னு சொல்லிட்டேன். நாளைக்கு வரைக்கும் யோசின்னாரு."

"நீங்க ஆடினா?"

"இன்னிக்கி நீ போட்ட பாஸுக்கு அப்புறமா? ஓடிஸ் சொன்னானே, அந்த ஏணிதான் உனக்கு."

"அவர் நெஜமாவே கேட்டிருந்தா?"

"நீ அப்படித்தான் சொல்லுவே. எனக்கு வேலை கெடைச்சா உனக்கு எடம் கெடைக்கும்."

நான் சொல்வது உண்மையாக இருந்தாலும், சொல்கிற வாய் என்னுடையது. பிறகு எனக்கே தெரியாமல் ஒன்று சொன்னேன்.

"நான் உங்களை நம்பாம ஒரு மேட்ச்சை விட்டேன். நீங்க அவரை நம்பாம என்னையே விடறீங்க."

அவர் டப்பாவை மூடினார். மூடி சரியாகப் பொருந்தவில்லை, இரண்டு முறை அழுத்தினார்.

"துணி பொய் சொல்லாதுன்னுதானே எல்லாரும் சொல்றாங்க," என்றேன். "கூடையில போடுங்க. நானும் போடறேன். காலைல பாத்துடலாம். காலியா இருந்தா நீங்க சொன்னது சரி."

"ஒம்பது வருஷமாச்சுடா."

"எனக்கும்தான் பயமா இருக்கு."

வெகு நேரம் கழித்துப் பையை எடுத்துக்கொண்டு எழுந்தார். நான் கை நீட்டினேன், இரண்டையும் நானே கொண்டுபோய்ப் போட்டுவிடலாம் என்று.

"உன்கிட்ட குடுத்தா வழியில எதாவது பண்ணுவே. நானே வரேன்."

அரங்கத்துக்கு இரண்டு கார்களில் போனோம். அவர் என்னை முன்னால் போகவிட்டுப் பின்னாலேயே வந்தார். கூடைக்கு முன் நின்று, மூன்று எண்ணி, இரண்டு பேரும் ஒரே நேரத்தில் போட்டோம். பிறகும் யாரும் நகரவில்லை, மற்றவர் திரும்ப எடுத்துவிடுவாரோ என்று. கடைசியில் மெர்ல் வந்து கூடையை எட்டிப் பார்த்தார்.

"அப்பாடா, பதிமூணு," என்றார். பெட்வே கூடைப் பக்கம் ஓர் அடி எடுத்து வைத்தார்.

வெள்ளிக்கிழமை காலை எட்டு மணிக்கு உள்ளே நுழைந்தேன். நான்காம் எண் கொக்கியில் என் வளையம் தொங்கியது. சட்டை, கால்சட்டை, காலுறை, எல்லாம். தொட்டுப் பார்த்தேன், இன்னும் கொஞ்சம் சூடு இருந்தது. பக்கத்தில் பதிமூன்றாம் எண் கொக்கி காலி.

பெட்வே எனக்குப் பின்னால் நின்றிருந்தார். எவ்வளவு நேரமாக என்று தெரியவில்லை. பெட்டி கையிலேயே இருந்தது.

"பாத்தியா," என்றார். குரலில் கோபம் இல்லை. கொஞ்சம் திருப்திகூட இருந்தது. காபி டப்பாவுக்கு ஊக்கைக் கேட்டு வாங்க மெர்லைத் தேடிப் போனார். நானும் பின்னால் போனேன்.

மெர்ல் பயிற்சியாளர் அறை வாசலில் துண்டு மடித்துக்கொண்டிருந்தார்.

"என் ஊக்கைக் குடுத்துடுங்க மெர்ல்."

"உள்ள மாட்டியிருக்கு, போய்ப் பாரு. நாலு நாளா கேக்கறேன், துணியைக் குடுத்தாத்தானே மாட்ட முடியும்."

உள்ளே சுவரில் பயிற்சியாளர்களுக்கு என்று மூன்று கொக்கிகள். இரண்டாவதில், பெட்வேயின் துணிகள் ஒரு புது வளையத்தில் தொங்கின. ஊக்கில் எண் இல்லை. பயிற்சியாளர் ஊக்குகளில் இருப்பதுபோல அவர் பெயரின் முதலெழுத்துகள் இரண்டு. பெட்வே பெட்டியைக் கீழே வைத்தார். சட்டையை முகர்ந்தார். நாடாவை இழுத்துப் பார்த்தார். ஊக்கைத் திறந்து மூடினார். பிறகு வளையத்தைத் திருப்பினார். பின்பக்கத்தில் ஒரு துண்டு காகித நாடா. அதில் மெர்லின் கோணல் கையெழுத்தில் தேதி. திங்கட்கிழமையுடையது.

"திங்கட்கிழமையே செஞ்சீங்களா?"

"கோச் திங்கட்கிழமை சொன்னாரு, திங்கட்கிழமை செஞ்சேன். வேற எப்ப செய்வாங்க?"

பெட்வே அந்தத் தேதியைக் கட்டை விரலால் தேய்த்தார், மை ஒட்டுகிறதா என்று. ஒட்டவில்லை. பிறகு என்னைப் பார்த்தார். நான் இதில் எங்கேயோ இருக்கிறேனா என்று தேடுகிற பார்வை. தேடி முடித்துவிட்டு, "கோச் வந்துட்டாரா?" என்று மெர்லிடம் கேட்டார்.

பதினொன்றரைக்கு அறிவிப்புப் பலகையில் பத்துப் பெயர்கள் ஒட்டினார்கள். ஐந்து முறை படித்தேன். கடைசிப் பெயர் என்னுடையது. அக்காவுக்குச் செய்தி அனுப்பினேன். ஏணியை என்ன செய்வது என்று பதில் வந்தது.

உடை மாற்றும் அறைக்குத் திரும்பியபோது ஓடிஸ் முட்டிக்கு ஐஸ் வைத்துக்கொண்டு கோச்சின் அறையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"உள்ள யாரு?" என்றேன்.

"கோச். உதவி கோச்."

கதவு சாத்தியிருந்தது. கொஞ்ச நேரத்தில் உள்ளேயிருந்து சிரிப்பு வந்தது. முதலில் ஒருவர், பிறகு மற்றவர்.

ஓடிஸ் மெதுவாக என் பக்கம் திரும்பினான். சாத்திய கதவைக் கண்ணால் காட்டினான்.

நான் எழுந்துபோய் என் கொக்கியிலிருந்த வளையத்தைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டேன்.